பளு அந்தரத்தில் இருக்கும்போது

குருவுக்கு வயது இருபத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தொன்று. சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

குருவின் பெயர் ஜெனிட்டா. தூத்துக்குடியில் ஒரு செருப்புக் கடையின் மாடியில், மாலை வேளைகளில் இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுத்தார். நாலு பெஞ்சு, ஒரு கரும்பலகை, ஒரு மின்விசிறி. மாடியில் குழாய் கிடையாது. தெருப் பம்பில் குடத்தில் தண்ணீர் பிடித்து, வராந்தாவில் மாட்டியிருந்த கப்பியில் கயிறு போட்டு மேலே இழுத்துக்கொள்ள வேண்டும்.

சீடரின் பெயர் பலவேசம். துறைமுகத்தில் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுபவர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கும் பளு அவர் கண்ணுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் கப்பல் விளிம்பில் நிற்கும் பலவேசத்தின் கைகள்தான். விரல் மேல்நோக்கிச் சுற்றினால் பளு ஏறும். கீழ்நோக்கிச் சுற்றினால் இறங்கும். முஷ்டியை மடக்கி உயர்த்தினால் எல்லாம் நிற்கும். இருபத்துமூன்று வருஷமாக அந்தக் கைகளை நம்பிக் கப்பலுக்குள் ஆட்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. பளு அந்தரத்தில் இருக்கும்போது சிக்னல்மேன் சும்மா கையை அசைக்கக்கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டக்கூடாது. இருபத்துமூன்று வருஷத்தில் இந்த விதி பலவேசத்தின் உடம்போடு ஒட்டிவிட்டது. யாரோடு பேசினாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பேசுவார். வீட்டில் சோறு போதும் என்றால் முஷ்டியை மடக்கி உயர்த்துவார். அவர் மனைவிக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த முஷ்டியைப் பார்த்தால் கரண்டி தானாக நின்றுவிடுகிறது.

இப்படிப்பட்ட மனிதர் இங்கிலீஷ் வகுப்புக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. துறைமுகத்தில் அவர் வேலை பார்த்த தளம் புதிய கம்பெனி ஒன்றின் கைக்குப் போயிற்று. சிக்னல்மேன்கள் ஒவ்வொருவரும் தங்கள் வேலையைப் பற்றி வெளிநாட்டு சேஃப்டி ஆபீசரிடம் இங்கிலீஷில் பேச வேண்டும் என்று உத்தரவு வந்தது. பலவேசம் போனார். ஆபீசர் ஐந்து கேள்வி கேட்டார். ஒன்றும் புரியவில்லை. ஐந்துக்கும் தலையை ஆட்டி, "யெஸ் சார்" என்றார்.

வெளியே வந்த பிறகு ஆபீஸ் கிளார்க் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. மூன்றாவது கேள்வி, குடித்துவிட்டு வேலைக்கு வந்தது உண்டா. நான்காவது, பளுவைப் பார்க்காமலே சைகை காட்டியது உண்டா. சோடாவைக்கூட யோசித்துக் குடிக்கிற மனிதர் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

மறுநாளே அவரைக் கயிற்றுக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். வயர் கயிறுகளுக்குக் கிரீஸ் தடவிச் சுருட்டி வைக்கிற வேலை. இன்னொரு வாய்ப்பு உண்டு, ஒரு மாதம் கழித்து. அதிலும் தவறினால் ஓய்வு பெறும்வரை கொட்டகைதான். கிரேன் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் பலவேசத்தின் கை தானாக உயரும். கையில் கிரீஸ் துணி இருக்கும். சுற்றிலும் கயிறு இருக்கும். அந்த நேரத்தில் அவருக்கு அழுகை வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மூன்று வாரம் வகுப்புக்கு ஒழுங்காக வந்தார். எட்டு நாள் மிச்சம் இருந்தபோது, வகுப்பு தொடங்குவதற்கு அரை மணி முன்னதாக வந்து நின்றார்.

"டீச்சர், பயப்படாம இங்கிலீஷ்ல பேசுததுக்கு என்ன செய்யணும்?"

"முதல்ல உங்க வேலையப் பத்திச் சொல்லுங்க அண்ணாச்சி. கேப்போம்."

பலவேசம் கைகளைப் பின்னால் கட்டினார். கண்களை மூடினார். தெரிந்த காலேஜ் வாத்தியார் ஒருவர் எழுதிக் கொடுத்த இருபத்துநாலு வரியை மூச்சு விடாமல் ஒப்பித்தார். அதில் அவர் துடிப்பானவர், தலைமைப் பண்பு மிக்கவர், சவால்களை விரும்புகிறவர். கிரேன் என்ற சொல் மட்டும் எங்கும் வரவில்லை.

மூன்றாவது வரிக்கு அர்த்தம் என்ன என்று ஜெனிட்டா கேட்டார். பலவேசம் தலையை ஆட்டினார். கேள்விக்கு அது பதில் இல்லை என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

குடம் காலியாக இருக்கிறது, ஒரு குடம் தண்ணீர் ஏற்ற உதவ வேண்டும் என்றார் ஜெனிட்டா. அவர் மேலிருந்து கயிறு இழுப்பார். கடையின் பெயர்ப் பலகை வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் வராந்தாவிலிருந்து குடம் தெரியாது. அதனால் பலவேசம் தெருவில் நின்று சைகை காட்ட வேண்டும்.

பலவேசத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூன்று சைகைகளையும் டீச்சருக்கு நிதானமாகக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். இறங்கி, குடத்தை நிரப்பி, கயிற்றில் கட்டி, தெருவின் எதிர் ஓரத்தில் போய் நின்றார். விரலை மேல்நோக்கிச் சுற்றினார். குடம் ஏறியது.

பெயர்ப் பலகைக்குக் கீழே வந்ததும் குடத்தின் விளிம்பு உரசப் பார்த்தது. கொஞ்சம் இறக்க வேண்டும். விரலைக் கீழ்நோக்கிச் சுற்றினார். ஜெனிட்டா பணிவாகத் தலையை ஆட்டிவிட்டு மேலே இழுத்தார். பலவேசம் முஷ்டியை மடக்கி உயர்த்தினார். அதற்கும் ஜெனிட்டா தலையை ஆட்டினார். இன்னும் பலமாக இழுத்தார்.

குடம் பலகையில் மோதிச் சாய்ந்தது. பாதித் தண்ணீர், வாசலில் அடுக்கியிருந்த செருப்புகளின் மேல் கொட்டியது. கடைக்காரர் வெளியே வந்து இருவரையும் ஒரு பிடி பிடித்தார். ஜெனிட்டா குடத்தைக் கீழே இறக்கினார். பலவேசம் படியேறி வந்தபோது அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. டீச்சர் என்ற மரியாதை குரலில் இல்லை.

"நான் காட்டுனது புரிஞ்சுதா, இல்லையா?"

"புரியல அண்ணாச்சி."

"பொறவு எதுக்குத் தலைய ஆட்டுனீக?"

"புரியலன்னு சொன்னா நீங்க என்னை மட்டமா நெனச்சிருவீங்களோன்னு."

கீழே கடைக்காரர் செருப்புகளை ஒவ்வொன்றாக உதறும் சத்தம் கேட்டது.

"உங்க ஆப்பரேட்டருக்குச் சைகை புரியலன்னா என்ன செய்வாரு?" என்று ஜெனிட்டா கேட்டார்.

"அசைய மாட்டாரு. ரெண்டு ஹாரன் அடிப்பாரு. நான் திரும்பக் காட்டுவேன்."

"அப்ப அவரை மட்டமா நெனப்பீங்களா?"

"என்ன டீச்சர் இப்படிக் கேக்கீக. அவரு அப்படி நிறுத்துவாருன்னு நம்பித்தான நான் கப்பலுக்குள்ள ஆள இறக்குதேன்."

சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். பிறகு கீழே போய், குடத்தை நிரப்பி, தானே தூக்கிக்கொண்டு வந்தார். வரும் வழியில் கடைக்காரரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் குருதான். ஆனால் குரு கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று வகுப்பு முடிந்ததும், கைகளை அவிழ்த்துவிட்டுப் பேசச் சொன்னார் ஜெனிட்டா. பலவேசம் தயங்கினார்.

"பளு தொங்கும்போது சும்மா கைய அசைக்கக்கூடாது டீச்சர்."

"இங்க எதுவும் தொங்கலையே."

"ஒண்ணு தொங்குது டீச்சர்."

"அப்ப சும்மா அசைக்க வேண்டாம். சைகை காட்டுங்க. ஒரு சைகை, ஒரு வாக்கியம். மெதுவா இறக்குவோம்."

பலவேசம் கைகளை முன்னால் கொண்டுவந்தார். விளிம்பில் நிற்பதைக் காட்டி, "ஐ ஸ்டாண்ட் ஹியர்" என்றார். மேலே கூண்டைக் காட்டினார். "ஹீ ஸீ மை ஹேண்ட்." விரலைக் கீழ்நோக்கிச் சுற்றினார். "ஹேண்ட் கோ டவுன், லோடு கோ டவுன்." ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தி, எதிராளிக்குப் புரிந்ததா என்று பார்த்தார். அது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. அது அவருடைய தொழில்.

இலக்கணம் தள்ளாடத்தான் செய்தது. ஜெனிட்டா சிலதைத் திருத்தினார், சிலதை விட்டுவிட்டார். காலேஜ் வாத்தியாரின் இருபத்துநாலு வரித் தாளை என்ன செய்வது என்று பலவேசம் கேட்டார். கடைசி பெஞ்சு ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. அவரே தாளை நாலாக மடித்து அதன் காலுக்கு அடியில் வைத்தார். ஆட்டம் நின்றது. வாத்தியார் எழுதியது வீண் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

எட்டாம் நாள் வந்தது. அன்று காலை அவர் மனைவி எதுவும் பேசாமல் வெளுத்துத் தேய்த்த சட்டை ஒன்றை எடுத்து வைத்தார்.

ஆபீசர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நீளமாக ஒரு கேள்வியை ஆரம்பித்தார். பாதிக்கு மேல் பலவேசத்துக்குப் புரியவில்லை. பழைய தலை ஆடப் பார்த்தது. அதற்குள் கை முந்திக்கொண்டது. முஷ்டியை மடக்கி உயர்த்தினார்.

ஆபீசரின் பேச்சு சட்டென்று நின்றது. கண்ணாடி துடைத்த துணியும் அப்படியே நின்றது. அந்த மனிதரும் ஒரு காலத்தில் கிரேனுக்கு அடியில் நின்றவராக இருக்க வேண்டும்.

"சார், நாட் அண்டர்ஸ்டாண்ட்," என்றார் பலவேசம். "ஸ்லோ. ஒன்ஸ் அகெய்ன் ப்ளீஸ்."

ஆபீசர் மெதுவாக, சின்னச் சின்னத் துண்டாகக் கேட்டார். பலவேசம் கைகளோடு பதில் சொன்னார். மொத்தம் நாலு தடவை முஷ்டி உயர்ந்தது. நாலு தடவையும் ஆபீசர் நின்றார், திரும்பச் சொன்னார். முன்பு கேட்ட அந்தக் கேள்வியும் வந்தது. பளுவைப் பார்க்காமல் சைகை காட்டியது உண்டா?

பலவேசம் கைகளை இறக்கினார். "நோ சார். ஐ நோ ஸீ, ஐ நோ சிக்னல்."

ஆபீசர் தாளில் எதையோ எழுதினார். எழுந்து, சிரித்துக்கொண்டே படபடவென்று நாலு வாக்கியம் சொல்லிக் கையை நீட்டினார். யாராக இருந்தாலும் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பார்கள். பலவேசம் ஐந்தாவது தடவையாக முஷ்டியை உயர்த்தினார்.

ஆபீசர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு ஒவ்வொரு சொல்லாக வைத்தார். "டுமாரோ. கிரேன் நம்பர் டூ. யூ கம்."

இதற்கு மேல் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்த பலவேசம் சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சை விட்டார். ஒரு மாதமாக நெஞ்சில் கட்டி வைத்திருந்த மூச்சு. பசியும் எடுத்தது.

மறுநாள் மாலை, வேலை முடிந்த கையோடு ஒரு பெட்டி மக்ரூன் இனிப்புடன் மாடிப்படி ஏறினார். பாதிப் பெட்டியைக் கீழே கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நடந்ததை எல்லாம் ஜெனிட்டாவிடம் சொன்னார். ஜெனிட்டாவுக்குக் கண் கலங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பலவேசத்துக்கு ஒரு குறை மட்டும் மிச்சம் இருந்தது.

"அஞ்சு தடவ அவர நிறுத்திட்டேன் டீச்சர். யாரையும் நிறுத்தாம, திரும்பக் கேக்காம பேசுற நாள் எனக்கு எப்ப வரும்?"

"இன்னிக்கு வேலை எப்படிப் போச்சு? இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றார் ஜெனிட்டா.

பலவேசத்துக்கு அது ஒன்று போதுமாக இருந்தது. கிரேன் டூ, பர்மா மரக்கட்டை, சரக்கு ஏறி இறங்கும் மூன்றாம் ஹாட்ச், காற்று, ஒரு பக்கம் நழுவிய கயிறு, தான் உயர்த்திய முஷ்டி, அந்தரத்தில் அசையாமல் நின்ற மரம். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு இங்கிலீஷில் கொட்டியது. அவர் கைகள் அறை முழுவதும் ஏறி இறங்கின. அப்படி ஒரு வேகத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

நடுவில் ஜெனிட்டாவின் கை உயர்ந்தது. முஷ்டி மடங்கியிருந்தது.

பலவேசம் அப்படியே நின்றார்.

"புரியல அண்ணாச்சி," என்றார் குரு. "இன்னொரு தடவ சொல்லுங்க."