கேஸ் கிடையாத மாத்திரை

தணிகைவேலனுக்கு ஐம்பத்தொரு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தாறு.

புதுச்சேரியில் எந்தக் கூட்டம் ஆடினாலும், இருபது வருஷமாக அங்கே டிஜேயாக நின்று பாட்டுப் போட்டவர் தணிகை. அந்த இருபது வருஷத்தில் மாத்திரை போடாமல் அவர் மேடையேறிய நாள் கிடையாது. எவன் செய்தான், எதில் செய்தான் என்று தெரியாத மாத்திரைகள். ஒருநாள் ஒரு ஓட்டல் மாடிப்படியில் மூச்சு நின்று விழுந்தார். ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சை அழுத்தி அழுத்தி மூச்சை மீட்டவர் நர்ஸ் அடைக்கலமேரி.

பிறகு அந்த நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, போதையிலிருந்து மீள நினைப்பவர்களுக்காகக் காலாப்பட்டில் ஒரு வீடு எடுத்து நடத்தினார். முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்த தணிகை அவரையே குருவாக வரித்துக்கொண்டார். ஆனால் 'சிஸ்டர்' என்று கூப்பிடும் பழக்கம் மட்டும் போகவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பாட்டுப் போட அழைத்தார்கள். பகல் விருந்து. ஒத்துக்கொண்ட நாளிலிருந்து தணிகைக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்தன்று காலை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த குருவின் முன்னால் ஒரு மாத்திரை அட்டையை வைத்தார்.

"என்ன இது?"

"பார்ட்டி மாத்திரை, சிஸ்டர். பழசு மாதிரி இல்ல. இதுக்குத் தடை கிடையாது, கேஸ் கிடையாது. என்னென்ன சேர்த்திருக்குன்னு அட்டையிலயே போட்டிருக்கு."

"என்ன பண்ணும்?"

"பயம் போயிடும். கூட்டத்தோட ஒண்ணாயிடலாம்."

"முன்னாடி சாப்பிட்டது?"

"அதுவும் அதைத்தான் பண்ணிச்சு."

"அப்போ என்ன வித்தியாசம்?"

தணிகை யோசித்தார். "இதுக்கு பில் கொடுக்கறாங்க."

குரு சிரித்துவிட்டார். தணிகைக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது ஆளைக் கொல்லும், இது கொல்லாதுங்கறாங்க. சாப்பிடலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர்."

"சட்டமே தடுக்காததை நான் எதுக்குத் தடுக்கணும்? எடுத்துக்குங்க. நானும் மண்டபத்துக்கு வரேன்."

தணிகைக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மண்டபத்தில் முந்நூறு பேர். முதல் பாட்டுக்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது பாட்டில் ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். மூன்றாவதில் தணிகையின் விரல் நடுங்கி, இரண்டு பாட்டுகள் மோதிக்கொண்டு கரகரத்தன. பின்வரிசையில் யாரோ விசிலடித்துக் கேலி செய்தார்கள்.

ஒரு நீளமான பாட்டை ஓடவிட்டுவிட்டு அவர் ஸ்பீக்கருக்குப் பின்னால் போனார். அட்டையைப் பிதுக்கி மாத்திரையை உள்ளங்கையில் எடுத்தார். குரு அங்கே தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்.

"சாப்பிடப்போறேன் சிஸ்டர்."

"சரி." குரு மூடியைத் திருகினார். "கூட்டத்துல யார் யார் இருக்காங்க?"

"தெரியலியே. நான் பார்க்கல."

"யாரோட ஒண்ணாகப்போறோம்னு ஒருதரம் பார்த்துட்டு வந்துடுங்க. தண்ணியைப் பிடிச்சிக்கிட்டு இங்கயே நிக்கறேன்."

மாத்திரையை மூடிய கையோடு தணிகை திரும்பிப் போய் நிமிர்ந்து பார்த்தார். மணப்பெண் கையால் மறைத்துக்கொண்டு கொட்டாவி விட்டாள். இளவட்டங்கள் போனில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். சாப்பாட்டுக்கூடத்து வாசலில், பரிமாறும் பெண்கள் நாலைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் சாம்பார் வாளியோடு நின்ற ஒருத்தியின் குதிகால் தரையில் தாளம் தட்டியது. பாட்டின் தாளம் இல்லை. அதைவிட நிதானமான ஒன்று.

தணிகை அந்தக் குதிகாலின் வேகத்துக்குப் பாட்டை இறக்கினார்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவர் ஒரு பறையடியை அதன்மேல் ஏற்றினார். பக்கத்தில் இருந்தவள் சிரித்துக்கொண்டே அவளை உள்ளே தள்ளினாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவள் மண்டபத்தின் நடுவே வந்து ஆடத் தொடங்கினாள். என்ன ஆட்டம்!

"அக்கா, நானும் வரேன்!" மணப்பெண் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்தாள். பின்னாலேயே மாப்பிள்ளை. நாற்காலிகள் தாமாகவே ஓரம் போயின. காதைப் பொத்திக்கொண்டு போன பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

தணிகையின் பயம் போகவில்லை. விரல்கள் நடுங்கிக்கொண்டேதான் இருந்தன. ஆனால் அந்த நடுக்கமும் இப்போது தாளத்தில் விழுந்தது. கையிலிருந்த மாத்திரை எப்போது நழுவி எந்தக் காலடியில் தூளானது என்று அவருக்குத் தெரியாது.

இரண்டரை மணி நேரம். நிறுத்தப்போனபோதெல்லாம் முந்நூறு தொண்டைகளும் "இன்னொண்ணு!" என்று கத்தின. கடைசியில் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றினார்கள். கூட்டத்துக்குள் தாளமே பிடிபடாமல் குருவும் ஆடிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு இருவரும் மண்டபத்துப் படியில் வந்து உட்கார்ந்தார்கள். தணிகை தொப்பலாக நனைந்திருந்தார். சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார்.

"ஒண்ணும் சாப்பிடாம போட்டேன் சிஸ்டர்! முந்நூறு பேரு!"

"முந்நூத்தியொண்ணு. என்னை விட்டுட்டீங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் வாடியது.

"ஆனா பயம் போகவே இல்ல சிஸ்டர். கடைசிப் பாட்டு வரைக்கும் உள்ளேயே இருந்துச்சு. அடுத்த தடவையும் வருமே?"

"வரட்டுமே," என்றார் குரு. "இன்னைக்கு நம்ம எல்லாரையும்விட நல்லா ஆடினது அதுதானே."