தள்ளுபடிக் கயிறு

"நான் தனி செட்டு போடலாமுங்களா, அம்மணி?"

ஆட்களைச் செட்டாகச் சேர்த்துக் கிணறுகளில் தூர் வாரும் வேலாத்தாளிடம் அங்கண்ணன் இதைக் கேட்பது நான்காவது தடவை. வேலை பார்த்த மில் மூடியதும் நாற்பத்தெட்டு வயதில் அவளிடம் தொழில் கற்க வந்த மனிதர். அவளுக்கு முப்பத்து மூன்று. வயதில் சின்னவள்தான். ஆனால் அவள் சரி என்று சொல்லாமல் ஊரில் ஒருத்தரும் அவரை நம்பிக் கிணற்றை விடமாட்டார்கள்.

இந்தத் தடவை அவர் வெறுங்கையோடு வரவில்லை. மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார்.

"மம்முட்டி, பக்கெட்டு, கையுறை, கயிறு. எல்லாம் தள்ளுபடியில வாங்குனதுங்க."

நன்றாகத் திட்டு விழும் என்று காத்திருந்தார். சாமான் விஷயத்தில் அவள் மகா கறார்.

"நல்லா இருக்குதுங்ணா," என்றாள்.

காலை முழுக்க அந்தச் சாமான்களைத்தான் புழங்கினாள். கையுறை கிழிந்தது, வேறொன்று மாட்டிக்கொண்டாள். மம்முட்டிக் காம்பு ஆடியது, ஆப்பு அடித்தாள். முந்தின நாள் அள்ளிக் கிணற்றுக் கரையில் போட்டிருந்த சேற்றைத் தூக்கும்போது பக்கெட்டின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கம்பி போட்டுக் கட்டினாள்.

"இந்த வேலைக்கு இது போதுமுங்ணா."

அங்கண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டது கிடைத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் அவள் புதுக் கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் கட்டினாள்.

"என்னங்க அம்மணி இது?"

"கெணத்துக்குள்ள எறங்கோணுமில்லீங்? புடிங்ணா."

அந்த செட்டில் ஒரு வழக்கம். கயிறு வாங்கினவர் மேலே நின்று பிடிக்க வேண்டும். இறங்குவது வேறு ஆள்.

கடையில் அந்தக் கயிற்றை அவர் இரண்டு தடவை இழுத்துப் பார்த்ததோடு சரி. இப்போது அவள் கிணற்றுச் சுவரில் கால் வைத்துவிட்டாள். கீழே அறுபது அடி.

"நில்லுங்க! நான் எறங்கறேனுங்க."

"வாங்குனவங்க எறங்கக் கூடாதுங்ணா. தெரியுமில்லீங்?"

"தெரியுமுங்க."

அவரே போய் முடிச்சை அவிழ்த்தார். செட்டின் பழைய கயிற்றைக் கொண்டுவந்து, முழம் முழமாகத் தடவிப் பார்த்து, அவள் இடுப்பில் கட்டினார். அவரும் செட்டில் கூட இருந்த இரண்டு பேரும் கயிற்றை விட்டுக்கொடுக்க, இறங்கினாள்.

தனி செட்டுப் பேச்சு அத்தோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். ஆனாலும் பிடியைத் தளர்த்தவில்லை.

அவள் அடியில் கால் ஊன்றியதும் குரல் வந்தது.

"பக்கெட்ட எறக்குங்ணா!"

புதுப் பக்கெட் அவர் காலடியிலேயே கிடந்தது. அங்கண்ணன் அந்தக் கம்பிக் கட்டைப் பார்த்தார். கிணற்றுக்குள் எட்டி அவள் உச்சந்தலையைப் பார்த்தார். பிறகு செட்டின் சாமான் வண்டிவரை நடந்துபோய்ப் பழைய இரும்பு வாளியை எடுத்துவந்தார்.

"ஏனுங்ணா இத்தன நேரம்? அங்கயே ஒண்ணு கெடந்துச்சே?"

"அது மேலயே இருக்கட்டுமுங்க, அம்மணி."

வாளி இறங்கியது. கீழே சேறு அள்ளும் சத்தம் கேட்டது.

"தை மாசம் செட்டு போட்டுக்குங்ணா," என்றாள் உள்ளேயிருந்து. "இப்ப இழுங்க."