நெடுமூக்கர் எடுத்த ஓய்வு

மேகங்கள் இறங்கிவந்து குளித்துவிட்டுப் போகும் ஒரு காட்டில், நெடுமூக்கர் என்ற கிழட்டு இருவாச்சிப் பறவை இருந்தார். அவர் அலகின்மேல் இரண்டு அணில்கள் மல்யுத்தம் போடலாம். அவர் சிறகடித்தால், அடுத்த மலையில் இருப்பவர்கள் மழை வருகிறதென்று விறகை எடுத்து உள்ளே வைப்பார்கள். அவ்வளவு பெரிய ஆள்!

ஒருநாள் கிளையில் உட்காரப் போனவருக்குக் கால் வழுக்கிவிட்டது. மகள் செங்கண்ணி அலறினாள்.

"அப்பா! இந்த வயதில் இனிப் பறக்கிற வேலையே வேண்டாம்!"

"கிளை ஈரமம்மா," என்றார் நெடுமூக்கர்.

"கால் நடுங்கியதை நான் பார்த்தேனே," என்றான் மகன் கருவாலன்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண்பறவை மரப்பொந்துக்குள் போய் உட்காரும். அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் விட்டு, வாசலை மண்ணால் பூசிவிடுவார்கள். ஆண்பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். பிள்ளைகள் இருவரும் கூடிப் பேசினார்கள். முட்டையே இடாத அப்பாவைப் பொந்துக்குள் உட்காரவைத்துப் பூசியேவிட்டார்கள்!

"ஐந்து வேளையும் பழம் வரும். ராஜா மாதிரி இருங்கள்," என்றாள் செங்கண்ணி.

மூன்றாம் நாள் நெடுமூக்கர் சிறகை விரித்துப் பார்த்தார். விரியவில்லை. பொந்து இடிக்கிறதா, சிறகே மரத்துப்போய்விட்டதா? அதுதான் தெரியவில்லை. 'இன்னும் ஒரு மாதம் இப்படிக் கிடந்தால், வாசலைத் திறந்துவிட்டாலும் எனக்குப் பறக்க வராது.'

அப்போது பின்பக்கம் பிறாண்டும் சத்தம். உளுத்துப்போன கட்டையைப் பெயர்த்துக்கொண்டு ஒரு மரநாய் தலையை நீட்டியது. காட்டிலேயே பெரிய சோம்பேறி அது. கொட்டாவி விடும்போதுகூடப் பாதியில் நிறுத்தி இளைப்பாறும்.

"பழவாசனை தூக்குகிறதே! இங்கே என்ன செய்கிறீர், பெரியவரே?"

"ஓய்வெடுக்கிறேன்."

"கொடுத்துவைத்தவர் ஐயா நீர்!"

"அப்படியா? என் இடத்தில் நீ உட்காருகிறாயா?"

"வேலை ஏதாவது உண்டா?" என்று மரநாய் சந்தேகமாகக் கேட்டது.

"பழம் வந்தால் வாயைத் திற. ஏதாவது கேட்டால் 'ம்' என்று சொல்."

"'ம்' சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான். சரி, பழகிக்கொள்கிறேன்."

நெடுமூக்கர் பின் ஓட்டை வழியாக வெளியே வந்தார். எட்டுத் தடவை எம்பி எம்பி விழுந்தார். ஒன்பதாம் தடவை பறந்தார்.

பிள்ளைகளுக்கோ ஒரே ஆனந்தம்.

"அப்பா, சௌக்கியமா?"

"ம்."

"ஓய்வு கிடைத்ததும் பசி எப்படி எடுக்கிறது பார்த்தாயா, அண்ணா!"

அந்தப் பசிக்குப் பக்கத்து மரமெல்லாம் மொட்டையாகிவிட்டது. பிள்ளைகள் துரும்பாய் இளைத்து, பழம் தேடி மலை தாண்டிப் போனார்கள். அங்கே ஓர் அத்திமரத்தின் உச்சியில், ஒரு கிழவர் பழத்தை மேலே வீசி வீசி அலகால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா!" என்று கத்தினான் கருவாலன். "அப்படியென்றால் இத்தனை நாள் நாங்கள் யாருக்கு ஊட்டினோம்?"

மூவரும் பறந்துவந்து சுவரை உடைத்தார்கள். உள்ளே பூசணிக்காய்போல் மரநாய்.

"இன்றைக்கு ஏன் இவ்வளவு தாமதம்?" என்று அதட்டிக்கொண்டே அது கிளையில் கால் வைத்தது. பிறந்ததுமுதல் மரமேறிய கால்தான். ஆனால் இப்போது பிடி நிற்கவில்லை. தொப்பென்று சருகுக்குவியலில் விழுந்து, நொண்டி நொண்டிப் போனது.

யாரும் சிரிக்கவில்லை. நெடுமூக்கர் அது போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்றாள் செங்கண்ணி, குரல் இறங்கி. "உங்களுக்கு நாங்கள் என்னதான் செய்யட்டும்?"

"நாளைக்கு விடிந்ததும் அந்த அத்திமரத்துக்கு என்னோடு வாருங்கள். நடுவழியில் எனக்கு மூச்சு வாங்கும், உட்காருவேன். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது கதை பேசுங்கள். மூச்சு வந்ததும் நானே கிளம்புவேன்."

நீதி: முதியவரை முடக்கிவைத்துக் காப்பதைவிட, அவர் போகும் வழியில் துணையாகப் போவதே அன்பு.