எட்டு நிமிஷம்

மசாஜ் தெரபியில் பட்டம் கொடுக்கிற பெண்கள் கல்லூரி ஒன்றில் ஆள் படுக்கிற டேபிள்களுக்கு விரிப்பு மாற்றித் துவைப்பது என் வேலை. பெயர் செல்லக்கிளி. துணி துவைக்கிறவளுக்குப் படிப்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். விரிப்பைப் பற்றித் தெரியும்.

கடைசி வருஷத்தில் வெள்ளத்தாய் அக்கா படித்தார். வயது ஐம்பத்திரண்டு. பாடம் எடுத்த சலோமி மேடத்துக்கு முப்பத்தொன்று. இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை அக்கா என்பார். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

அக்கா இருபத்திரண்டு வருஷம் ஒரு பெண்கள் கபடி அணிக்குக் கைகால் பிடித்துவிட்டவர். சின்ன வயதில் தானும் ஆடியவர்தான். இனிமேல் பட்டம் வாங்கியவர்தான் ஆட்டக்காரிகளைத் தொடலாம் என்று அணிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இடத்தை மட்டும் காலியாக வைத்திருப்போம், படித்துவிட்டு வா என்றார்கள். எலும்பின் பெயர், நரம்பின் பெயர் எல்லாவற்றையும் மனுஷி உருப்போட்டுப் பாஸாகிவிட்டார். விழுந்தது செய்முறைத் தேர்வில். அதுவும் இரண்டு தடவை. மூன்றாவதும் போனால் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை.

எனக்கு மண்டை குடைந்தது. ஏனென்றால் அவர் கை அப்படிப்பட்ட கை. வலி எங்கே என்று ஆள் சொல்ல வேண்டியதில்லை, கட்டைவிரல் நேராகப் போய் அங்கே உட்காரும். படுத்தவள் ஐயோ அம்மா என்று கத்துவாள், ஆனால் இறங்கும்போது கழுத்து இரண்டு பக்கமும் திரும்பும். பிறகு ஏன் ஃபெயில்? காரணம் தெரிந்துகொள்ளவென்றே காலி வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த வகுப்பறைப் பக்கமே சுற்றினேன்.

இரண்டாவது தேர்வுக்கு மறுநாள் அக்காவே கேட்டுவிட்டார்.

"மேடம், நேத்து என் டேபிள்ல படுத்த பொண்ணுக்கு வலி போச்சா இல்லையா?"

"போச்சு."

"அப்புறம் என்ன குறை?"

மேடம் என் பக்கம் திரும்பினார். நேற்றைய விரிப்புகளைத் துவைத்தாயிற்றா என்று என்னிடம் கேட்டார். குழாயில் தண்ணீர் வராமல் மூட்டையாகக் கிடந்தது. அதில் அக்காவின் டேபிளில் விரித்தது எது என்றார். கையை விட்டு ஒன்றை உருவினேன். அதைக் கண்டுபிடிப்பது எனக்குப் பெரிய காரியமே இல்லை. மற்ற விரிப்பெல்லாம் நடுவில்தான் கசங்கியிருக்கும். அக்காவுடையது இரண்டு ஓரத்திலும், படுத்தவளின் கை இருக்கிற இடத்தில், முறுக்கிப் பிழிந்த மாதிரி இருக்கும். மூன்று வருஷமாக நான் பார்க்கிறேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்கா அந்த ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடித்துவிட்டால் வலிக்கத்தானே செய்யும் என்றார்.

"படுங்கக்கா" என்றார் மேடம்.

வகுப்பில் பிள்ளைகள் முறை போட்டுக்கொண்டு ஒருத்திக்கு ஒருத்தி படுக்க வேண்டும். தன் முறை வந்தால் அக்கா ஏதாவது சாக்கு சொல்லி வேறு யாரையாவது படுக்க வைத்துவிடுவார். அம்மா வயசு ஆயிற்றே என்று பிள்ளைகளும் விட்டுவிடுவார்கள். அன்றைக்குச் சாக்கு எதுவும் கிடைக்கவில்லை. வகுப்பில் போடுகிற வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார்.

மேடம் எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தார். மூடி திறந்த சத்தம்தான் கேட்டது, அக்காவின் இரண்டு கையும் விரிப்பைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டன. இன்னும் யாரும் தொடக்கூட இல்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பாவமாக இருந்தது.

மேடம் உள்ளங்கையை முதுகில் வைத்தார். அழுத்தவில்லை, தேய்க்கவில்லை. வைத்துக்கொண்டு நின்றார். வெளியே மணி அடித்து அடுத்த வகுப்புப் பிள்ளைகள் போனார்கள். அக்காவின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அதற்குப் பிறகுதான் மேடத்தின் கை அசைந்தது.

அக்கா எழுந்து உட்கார்ந்தார்.

"அவ்வளவு நேரம் எதுக்கு மேடம் காத்திருந்தீங்க?"

"நீங்க விடறதுக்கு."

அக்கா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "தேர்வு இருபது நிமிஷம்தானே. படுத்தவ விடவே இல்லேன்னா?"

"அது எனக்கும் தெரியலக்கா."

மூன்றாவது தேர்வு வந்தது. வெளியூரிலிருந்து தேர்வாளர் அம்மா ஒருவர் வந்திருந்தார். தேர்வுக்குப் படுக்க, வலி இருக்கிற பெண்களை வெளியிலிருந்து வரச் சொல்வார்கள்; அக்காவின் டேபிளில் படுக்க வேண்டிய பூக்காரப் பெண் வரவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். துணி பிழிந்து பிழிந்து என் வலது தோள் தலைக்கு மேலே போகாது, கொண்டை போட வேண்டுமென்றால் மகளைக் கூப்பிடுவேன். அது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பயம்தான். அந்த முறுக்கிய விரிப்பையெல்லாம் துவைத்தவள் நான் அல்லவா. ஆனாலும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, படுத்தேன்.

படுத்த உடனே என் கை விரிப்பைப் பிடித்துக்கொண்டது. அக்காவின் உள்ளங்கை தோளில் வந்து உட்கார்ந்து அப்படியே இருந்தது. கடிகாரம் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பாழாய்ப் போன கையே, விடு, உன்னால் ஒருத்தியின் பட்டம் போகப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்லப் பிடி இறுகியது.

"ஆரம்பிக்கலாமே?" என்றார் தேர்வாளர்.

போன நிமிஷங்களை அக்கா வாய்க்குள் எண்ணுவது எனக்குக் கேட்டது. அவருக்கும் பயம், என்னைவிட அதிகம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்தக் கை அவசரப்படவில்லை. நான் எப்போது விரிப்பை விட்டேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் பழைய கட்டைவிரல் வந்து, வலி இருந்த இடத்தில் உட்கார்ந்தது. வலித்தது. என் கை பேசாமல் கிடந்தது.

நேரம் முடிந்து இறங்கினேன். முடி அவிழ்ந்திருந்தது. இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டேன். போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. அழுகை வந்துவிட்டது.

தேர்வாளர் மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு சலோமி மேடத்தைப் பார்த்தார். மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்றார்.

"ஆனா முதல் எட்டு நிமிஷம் இவங்க ஒண்ணுமே செய்யலையே. அதுக்கு நான் என்ன மார்க் போடறது?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"அதுக்கு முதல்ல போடுங்க மேடம்" என்றார் சலோமி மேடம். "மத்ததெல்லாம் அக்கா இங்க சேர வரும்போதே தெரிஞ்சுதான் வந்தாங்க."