தணிகாசலம் சாரின் விரலும் முப்பத்தெட்டு டிகிரியும்

மூணாவது கேசரியும் கரிக்கட்டை ஆயிடுச்சு! அடுப்புக் கடை பூரா புகை, வந்த கஸ்டமர்ங்க எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. மேனேஜர் தணிகாசலம் சார் குதிச்சாரு: "பாத்திரத்தோட சூட்டைப் பார்த்து தானா தணியற அடுப்பும்மா இது! சென்சார் பொய் சொல்லாது. உனக்குத்தான் சமைக்கத் தெரியல. நாளையிலேர்ந்து வராதே!"

கடையில சமைச்சுக் காட்டற பூங்காவனம் அக்கா அதே அடுப்புல ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சாங்க. தண்ணி தளதளன்னு கொதிக்குது, அடுப்போ முப்பத்தெட்டு டிகிரின்னு காட்டுது!

"சென்சார் பொய் சொல்லாதுல்ல சார்? இது குளிக்கிற சூடுதான். விரலை விட்டுக் காட்டுங்க, நான் இப்பவே கிளம்பிடறேன்."

சார் ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டாரு!

அக்கா குனிஞ்சு பார்த்தாங்க. சூட்டைப் பார்க்கற சென்சாரோட குட்டிக் கறுப்புக் கண்ணு மேல தடிமனா சந்தனம், நடுவுல குங்குமம்.

"போன வாரம் ஆயுத பூஜைக்கு யாரு சார் பொட்டு வச்சது?"

"நான்தாம்மா... அந்த இடம் நெத்தி மாதிரி இருந்துச்சு."

அக்கா ஈரத்துணியால துடைச்சதும் நூறு காட்டுச்சு. நாலாவது கேசரியை முதல்ல கை நீட்டி வாங்கினது சார்தான். அக்கா நாளைக்கும் வர்றாங்க!

ஆமா, உங்க வீட்டு அடுப்புக்கும் இப்படிக் கண்ணு மேலயே பொட்டு வச்சிட்டீங்களா?