எண்ணூறு இலைகளும் ஒரு மௌனமும்

திருமேனிநாதனுக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்து நான்கு. இதில் அவர்கள் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை. மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள்தான் ஆளை மாற்றிக் காலில் விழுந்து எழுந்தார்கள்.

மடத்துக்கு வருமுன் திருமேனிநாதன் ஓர் அணைக்கட்டு வேலையில் மேற்பார்வையாளர். அந்த அணையில் எத்தனை கல் என்று கேட்டால் சொல்லிவிடுவார். எந்தக் கல் எந்த லாரியில் வந்தது, அந்த லாரி டிரைவருடைய மச்சினன் பெயர் என்ன என்பதுவரை சொல்வார். காகிதத்தில் ஒரு வரி எழுதியதில்லை. "எல்லாம் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார். தட்டித் தட்டி அங்கே ஒரு சின்னப் பள்ளமே விழுந்திருந்தது. ஐப்பசி மழையில் அதில் தண்ணீர் தேங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மடத்துப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழனிக்கு நடந்து போகிறவர்கள் விடிந்ததும் மடத்து வாசலுக்கு வந்து சேர்வார்கள். எண்ணூறு பேர் இருக்கும். முன்னும் பின்னும் பத்து மைலுக்கு ஒரு டீக்கடை கிடையாது. போன வருடம் பெரியவர்கள் பொறுப்பில் சமையல் நடந்தது. பொங்கல் வேகுமுன் கூட்டம் வந்துவிட்டது. முந்நூறு பேர் வெறும் வயிற்றோடு நடந்துபோனார்கள். அதில் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் இருந்தாள். திருமேனிநாதனுக்கு அந்த முகம் மறக்கவே இல்லை.

இந்த வருடம் பிள்ளைகளே நடத்தட்டும் என்றார் குரு. எப்படி நடத்துவது என்று சொல்லித்தரும் பொறுப்பைத் திருமேனிநாதன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஒருத்தர்கூடப் பசியோட போகமாட்டாங்க சுவாமி. நானாச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை குருவிடம் வந்து நின்றார். குரு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"சுவாமி, இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு எப்படி வரும்?"

"ஏன், இல்லையா?"

"எதுக்கெடுத்தாலும் என்கிட்டயே வந்து நிக்கிறாங்க. வாளி எங்கங்கிறான் ஒருத்தன். வெங்காயம் எத்தனை கிலோங்கிறா ஒருத்தி. இன்னிக்குக் காலைல மட்டும் நூத்துப் பதினாலு கேள்வி."

"எண்ணினீங்களா?"

"எண்ணாம?"

குரு ஒரு காம்பை உருவி முடித்தார்.

"பதில் தெரியாத கேள்வி ஏதாவது இருந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்ல சுவாமி." சொல்லும்போதே திருமேனிநாதனின் முகம் மலர்ந்துவிட்டது.

குரு அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாளைக்கு மத்தியானம் மணி அடிச்சதும் நீங்க மௌன விரதம். ஞாயித்துக்கிழமை கடைசி இலை எடுக்கிறவரைக்கும்."

"சுவாமி!"

"எழுதிக் காட்டக்கூடாது. கையை ஆட்டக்கூடாது."

"கண்ணால?"

"உங்க கண்ணு ரொம்பப் பேசும். அதுவும் கூடாது."

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே திருமேனிநாதன் பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார். ஒன்பது மணிவரை மூச்சு விடவில்லை. ஜன்னலில் உட்கார்ந்து கேட்ட காக்கை ஒன்று தலை சுற்றி, பறக்க மறந்து, நடந்தே போய்விட்டது.

"இப்ப சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

சின்னக்கருப்பு என்ற பையன் எழுந்தான். "மொதல்ல நாலு அண்டாவையும் கழுவணும் சார்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க நெறைய சொன்னீங்க சார்."

திருமேனிநாதன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மணி அடிக்க மூன்று மணி நேரம்தான் இருந்தது.

கடைசி வரிசையிலிருந்து காளீஸ்வரி எழுந்து வந்தாள். அதிகம் பேசாத பெண். "சார், நீங்க சொல்லாதீங்க. நாங்க கேக்குறோம். கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க."

அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்துவந்தாள். வெள்ளையடித்த சுவரின் வலது கோடியில் ஓர் இலை வரைந்தாள்.

"ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணி. ஒருத்தர் வந்து உக்காந்துட்டாரு. இலையில என்ன இருக்கணும்?"

"பொங்கல், சாம்பார், ஒரு கரண்டி கேசரி."

"அப்ப பொங்கல் எப்ப எறங்கணும்?"

"ஆறரைக்கு."

"எப்ப ஏத்தணும்?"

"நாலரை."

"அதுக்கு முன்னாடி?"

"அடுப்பு எரியணும்."

"அடுப்புக்கு?"

"விறகு. சனிக்கெழம சாயந்திரமே வந்து எறங்கியிருக்கணும்."

ஒவ்வொன்றையும் முன்னதற்கு இடப்பக்கம் எழுதினாள். எழுதியதற்கு நேரே அதைச் செய்கிறவர் பெயர். இலையிலிருந்து புறப்பட்ட கரிக்கோடு பின்னாலேயே நடந்து, சுவர் முழுக்கக் கடந்து, வெள்ளிக்கிழமைக்கு வந்து நின்றது. திருமேனிநாதன் அணை கட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு வேலையைக் கடைசியிலிருந்து பிரித்துக்கொண்டே வருவதை அன்றுதான் பார்த்தார்.

"விறகுக் கடை முத்தையாகிட்ட மட்டும் நான்..."

மணி அடித்தது.

பாதி வாக்கியத்தை அவர் விழுங்க வேண்டியதாயிற்று. மீதிப் பாதி இது: என் குரலைக் கேட்டால்தான் விறகை வண்டியில் ஏற்ற வேண்டும், வேறு யார் வந்து சொன்னாலும் ஏற்றாதே என்று முத்தையாவிடம் அவர் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை, ஒரு சின்னப் பானையில் பொங்கல் வைத்துப் பார்க்கலாம் என்றாள் காளீஸ்வரி. திருமேனிநாதன் சுவரைப் பார்த்தார். உப்பு என்ற வரிக்கு நேரே சின்னக்கருப்பு, பாண்டிமீனா என்று இரண்டு பெயர். நாக்கு அரித்தது. கைகளைத் தொடைக்கு அடியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் வாய் வைத்தவன் வாசலுக்கு ஓடினான்.

"யாருடா உப்புப் போட்டது?"

"நான்தான்" என்றான் சின்னக்கருப்பு.

"நானுந்தான்" என்றாள் பாண்டிமீனா.

"எருமைகளா, ஒத்துமையா சேந்து எண்ணூறு பேரையும் கொல்லப் பாத்தீங்களே!"

காளீஸ்வரி சின்னக்கருப்பின் பெயரைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தாள். பிறகு சுவரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை படித்தாள். இரட்டைப் பெயர் இருந்த இன்னும் நான்கு இடங்களில் ஒன்றை அழித்தாள். குடிதண்ணீருக்கு நேரே பெயரே இல்லை. அதில் சின்னக்கருப்பை எழுதினாள்.

"உப்பப் புடுங்கிட்டுத் தண்ணியக் குடுக்குறியா?" என்றான் அவன்.

மத்தியானம் திருமேனிநாதனின் போன் அடித்தது.

"ஐயா, முத்தையா பேசுறேன். வெறகை ஏத்திறவா?"

திருமேனிநாதன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். 

"ஐயா? கேக்குதுங்களா? ஐயா..."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

அவர் நடக்க ஆரம்பித்தார். மடத்தைப் பதினோரு முறை சுற்றினார். பன்னிரண்டாவது சுற்றில் மடத்து நாய்கள் இரண்டும் அவரோடு சேர்ந்துகொண்டன. எரியாத அடுப்பு கண்ணுக்கு முன் நின்றது. அதற்குப் பின்னால் கைக்குழந்தையோடு அந்தப் பெண் நின்றாள்.

நாலு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்றார். உள்ளே பிள்ளைகள் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"விறகு!"

ஒரு நாளாக அடக்கி வைத்த குரல். கிணற்றடித் தென்னையிலிருந்து இரண்டு குரும்பை உதிர்ந்தன. உள்ளே கத்திகள் நறுக்கிக்கொண்டேயிருந்தன. சின்னக்கருப்பு தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பின்னாடி எறங்கிட்டிருக்கு சார்."

ஓடிப்போய்ப் பார்த்தார். கொல்லையில் வண்டி நின்றது. காளீஸ்வரி கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். முத்தையா குதித்து இறங்கிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, ஒடம்பு எப்படி இருக்கு? மத்தியானம் இந்தப் புள்ள கடைக்கு வந்து நின்னுச்சு. ஐயா குரலக் கேட்டாத்தான் ஏத்துவேன்னேன். சார் இப்பப் பேசமாட்டாரு, நீங்களே போன் போட்டுப் பாருங்கன்னுச்சு. போட்டேன். மூச்சு மட்டும் கேட்டுச்சு. எனக்கு மனசு தாங்கல ஐயா. நானே ஏத்திக்கிட்டு ஓடியாந்துட்டேன்."



ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருபது நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டது. பொங்கல் அதற்கும் பத்து நிமிடம் முன்னால் இறங்கியிருந்தது. திருமேனிநாதன் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாளிகள் போயின, வந்தன. யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு பையன் மட்டும் வந்து நின்றான். அவர் ஆவலாகக் குனிந்தார்.

"கொஞ்சம் நகருங்க சார். எலைக்கட்டு உங்களுக்குப் பின்னாடி இருக்கு."

எண்ணூற்றுப் பதினேழு பேர் சாப்பிட்டார்கள். பத்தே காலுக்குக் கடைசி இலையை எடுத்தார்கள். திருமேனிநாதன் குருவிடம் போனார்.

"யாரும் பசியோட போகல சுவாமி."

"பாத்தேன்."

"ஆனா என் விரதம் முறிஞ்சுபோச்சு. நேத்து சாயந்திரம் தாங்க முடியாம ஒரு வார்த்தை கத்திட்டேன்."

"என்ன வார்த்தை?"

"விறகு."



"அதக் கேட்டு யாராவது கையில இருந்த வேலைய நிறுத்தினாங்களா?"

திருமேனிநாதன் நினைத்துப் பார்த்தார்.

"இல்ல சுவாமி. ஒருத்தரும் நிறுத்தல."

"அப்படின்னா முறியல. வாங்க, சாப்பிடுவோம்."