ஆள்காட்டியின் தொண்டை

காட்டு நடுவே வற்றிக்கொண்டிருந்தது ஒரு குளம். மான்கள் அங்கே தண்ணீர் குடிக்கும்போது ஆள்காட்டிக் குருவி கரையில் காவல் நிற்கும். நரியின் வால் நுனி தெரிந்தால் போதும், கத்திவிடும். மான்கள் ஓடிவிடும்.

முன்பெல்லாம் காலையில் மைனா காவல், மாலையில் ஆள்காட்டி. ஒரு நாள் மைனா, "கண் எரிகிறது. இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள்" என்றது.

"இவ்வளவுதானா உன் தெம்பு!" என்று மான்கள் சிரித்தன. மைனா ரோஷத்தோடு பறந்துபோனது. அதன் முறையும் ஆள்காட்டியின் தலையில் விழுந்தது.

"நீ தாங்குவாய் தங்கச்சி! உன்னைப்போல் யார் உண்டு!" என்றது தலைவனான கலைமான்.

அந்தச் சொல் ஆள்காட்டிக்கு இனித்தது. அதைக் கொண்டே பதினைந்து நாள் ஓட்டியது. பிறகு, சருகு அசைந்தாலும் நெஞ்சு படபடத்தது. நரி வராதபோதும் கத்தியது. தொண்டை கட்டிக்கொண்டது.

"அண்ணே, குரல் கம்முகிறது. மைனாவைத் திரும்பக் கூப்பிடுங்களேன்!"

"எல்லாம் மனசுதான் தங்கச்சி! தவளையை அனுப்புகிறேன். மூச்சுப் பயிற்சி சொல்லித் தரும்."

மத்தியானம் மான்கள் நிழலில் படுத்திருக்கும் கொஞ்ச நேரம்தான் ஆள்காட்டி கண்ணயரும். சரியாக அப்போது வந்து நின்றது தவளை.

"மூச்சை இழு! பிடி! சிரித்த முகமாக விடு!"

"கொஞ்சம் தூங்கட்டுமா?"

"பயிற்சி முடியட்டும்! தலைவர் கேட்பார்!"

நான்காம் நாள் காலை கோரைப்புல் விலகியது. நரி! கலைமானின் குட்டி முழங்கால் தண்ணீரில் தனியே நின்று குடித்துக்கொண்டிருந்தது. ஆள்காட்டி வாயைத் திறந்தது. காற்றுதான் வந்தது. மறுபடியும் திறந்தது. சிறகை அடித்துக்கொண்டு குட்டியின் முகத்துக்கு நேரே பறந்தது. விளையாடத்தான் வருகிறது என்று குட்டி துள்ளியது.

நரி பாய்ந்தது. கலங்கிய தண்ணீர் தெளிய வெகு நேரம் ஆயிற்று.

"ஏன் கத்தவில்லை? ஏன்?" என்று கலைமான் கதறியது.

ஆள்காட்டிக்குப் பதில் சொல்லக் குரல் இல்லை. தவளைதான் மெல்லச் சொன்னது: "நம்மிடம் முன்பே கத்திவிட்டது, தலைவரே."

தாங்குகிறார் என்று ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் ஏற்றினால், அவர் ஒடியும் நாளில் ஏற்றியவர்களும் சேர்ந்தே விழுவார்கள்.